நோவறியாக் கால்

உடம்பில் நோவொன்றும் இல்லையாயின் உடம்பு நலமாய் இருக்கின்றது என்று கொள்வது உலக வழக்கு. தலையிடி இல்லை, வயிற்றுக்குத்து இல்லை, கைகால் உளைவு இல்லை. ஆகவே வைத்தியசாலைப் பக்கம் போகவேண்டிய அவசியமும் இல்லை என்பர் நம்மவர். இக்கூற்றிற் பெரும்பாலும் உண்மை உண்டு. ஆயினும், நோவு இல்லாமையே கொடிய நோயாக அமையும் நிலை ஒன்றும் உண்டு. அந்நிலையைப் பற்றி இவ்வாரம் சிறிது சிந்திப்போம். தனி மனிதனின் உடம்புக்கு மட்டுமன்றி, கூடி வழிபடும் மக்கட் கூட்டத்துக்கும் அது உரியதாதலின் அச்சிந்தனை பயனுடையதாகும்.

டாக்டர் போல் பிராண்ட் என்பார் 1914ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் கொல்லிமலையில், ஆங்கிலேய மிசனரிமாரான பெற்றோருக்கு மகனாகப் பிறந்தார். மலைநாட்டுச் சிறுவரோடு ஓடியாடி வளர்ந்த அவர், ஒன்பதாம் வயதிற் கல்வியின் பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். இலண்டனில் மருத்துவமும் சத்திரசிகிச்சையும் கற்றுத் தேர்ந்து, 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் வைத்தியசாலையைப் பார்க்கச் சென்றவிடத்து, விரல்கள் முடங்கிய நோயாளர் ஒருவரைக் கண்டு, தம் கையை இறுகப் பற்றுமாறு கேட்டார். அம்மனிதர் பற்றிய பற்று டாக்டரையே நோகச் செய்தது. பயனற்றுப் போயிற்று என்று உலகம் ஒதுக்கிய கையில் இத்துணை வலிமை இருந்தது. தாம் பிறரை நோகச் செய்கின்றோம் என்பதனை மாத்திரம் அக்கைக்குரியவர் அறிந்திலர்.

அதுவரை தொழுநோய் என்றால் தசை அழுகி, விரல்கள் தாமே உதிர்ந்துபோகும் நோய் என்றே பலரும் நம்பியிருந்தனர். பிராண்டும் அவர்தம் துணைவரும் பல்லாண்டு ஆராய்ந்து கண்ட உண்மை வேறு. 1873இல் நோர்வே நாட்டு வைத்தியர் ஹான்சன் கண்டறிந்த அக்கிருமி, தோலுக்கு அணித்தாய் ஓடும் நரம்புகளையே பெரிதும் தாக்குகின்றது. நரம்பு கெட்டபின் அவ்விடத்தில் நோவும் இல்லை, சூடும் தெரியாது. நோயாளி நெருப்பில் விழுந்த கிழங்கை வெறுங்கையால் எடுப்பார். செருப்பில் ஏறிய ஆணியோடு நாள் முழுதும் நடப்பார். துருப்பிடித்த பூட்டிலே திறப்பைத் திருகிய சிறுவன் ஒருவன், விரல் எலும்புவரை கிழிந்து இரத்தம் சொட்டியதையும் உணரவில்லை என்று பிராண்ட் எழுதியுள்ளார். இரவிலே எலி விரலைக் கடித்தபோதும் உறக்கம் கலையாதார் இருந்தனராம். அவர்களுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. ஆகவே, விரல்களை இழப்பித்தது பெரும்பாலும் நோவு சொல்லாத காயங்களே என்க.

இந்நோய் நம் நாட்டுக்குப் புதிதன்று. கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இலேயே தொழுநோயாளர் விடுதி ஒன்றை அமைத்தனர். மட்டக்களப்பு வாவியின் நடுவேயுள்ள மாந்தீவிலும் அத்தகைய வைத்தியசாலை ஒன்று எழுந்தது. ஊரினின்றும் நீரால் பிரிக்கப்பட்ட தீவு அது. இன்றோ ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மருந்துண்டால் இந்நோய் முற்றாகத் தீரும். அம்மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றது. அங்ஙனமிருந்தும் ஆண்டுதோறும் இலங்கையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் புதிதாக இனங்காணப்படுகின்றனர். அவருட் சிலர் காலந்தாழ்த்தி வருதற்குக் காரணம் யாது? உணர்ச்சியற்ற தேமல் நோவதில்லை. நோவாத ஒன்றுக்காக வைத்தியரிடம் போவார் யார்?

பிராண்ட் தம் வாழ்நாளில் இரண்டு உடம்புகளைப் பற்றிச் சிந்தித்தார். ஒன்று மனித உடம்பு. மற்றையது அவர் சார்ந்திருந்த திருச்சபை. 1980இல் பிலிப் யான்சி என்னும் எழுத்தாளரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட நூல், உயிரணுவையும் எலும்பையும் தோலையும் இயக்கத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, திருச்சபை எங்ஙனம் வாழவேண்டும் என்பதனை விளக்குகின்றது. திருச்சபையை உடம்புக்கு ஒப்பிடுதல் அவர் புதிதாகக் கண்டதன்று. பவுல் அடிகள் கொரிந்து நகரச் சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் அவ்வுவமை விரிவாக வருகின்றது. சைவராகிய எமக்கும் அவ்வதிகாரம் பன்முறை படித்தற்குரியதாய்த் தோன்றுகின்றது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

உடம்பு உவமை பழமையானது. ஆனால் அது கையாளப்பட்ட வகை எப்பொழுதும் நன்றாய் இருந்ததில்லை. கி.மு. 494இல் உரோமாபுரியின் ஏழைக் குடிகள் நகரை விட்டு வெளியேறியபோது, மெனேனியசு என்பவர் வயிற்றோடு பிணங்கிய உறுப்புக்களின் கதையைக் கூறி அவர்களைத் திருப்பியழைத்தார் என லிவி எழுதிய வரலாறு கூறும். வயிறு சும்மா இருந்து உண்பதாகத் தோன்றினும் அதனாலேயே உறுப்புக்கள் பிழைக்கின்றன என்பது கதையின் பொருள். வயிறு என்பது அங்கே மேட்டுக்குடி. நம் பக்கத்தும் இருக்கு வேதத்துப் புருட சூக்தம் வாயினின்றும் தோளினின்றும் தொடையினின்றும் பாதத்தினின்றும் நால்வகையார் தோன்றியதாகக் கூறுகின்றது. பிற்காலத்தார் பாதத்தினின்று பிறந்தவர் கீழானவர் என்பதற்கே அதனைச் சான்றாக்கிக் கொண்டனர். இங்ஙனம் உயர்ந்தோர் உயர்ந்தே இருத்தற்கு உடம்பு உவமை காவலாய் நின்ற உலகிலே, பவுல் அதனைத் தலைகீழாகத் திருப்பினார். மெலிந்த உறுப்பே மிக இன்றியமையாதது என்றும், மதிப்புக் குறைந்ததாய்த் தோன்றும் உறுப்புக்கே கூடுதலான மதிப்புக் கொடுத்தல் வேண்டும் என்றும், ஓர் உறுப்பின் துன்பம் எல்லா உறுப்புக்கும் உரியது என்றும் அவர் கருத்துச் செல்கின்றது.

அவர் அதனை எழுதிய சந்தர்ப்பத்தையும் நோக்குதல் வேண்டும். அதற்கு முந்திய அதிகாரத்திலே அச்சபையின் பந்தி வழக்கத்தை அவர் கடிந்துரைக்கின்றார். திருவிருந்துக்காகக் கூடியவருள் வசதியுள்ளோர் முந்தி உண்டு நிறைந்தனர்; இல்லாதவர் பசியோடு இருந்தனர். ஒரே கூரையின் கீழ், ஒரே நாமத்தைச் சொல்லி, ஒருவர் வயிறு நிறைய மற்றவர் வயிறு காய்ந்தது. நிறைந்த வயிற்றுக்கு அது தெரியவில்லை. பிராண்ட் காட்டிய மரத்துப்போன கால் இதுவே அன்றோ!

நலமான உடம்பு நோவை எங்ஙனம் எதிர்கொள்கின்றது என்பதையும் காண்போம். நெடுந்தூரம் நடந்த ஒருவரின் பாதத்தில் ஓரிடம் கன்றத் தொடங்கினால், அவர் அறியாமலே நடை மாறிவிடுகின்றது. பாரம் வேறிடத்துக்குச் செல்கின்றது. கொப்புளம் கண்டுவிட்டால் அவர் நொண்டி நடக்கின்றார். இடுப்பும் முதுகும் மற்றக் காலும் தத்தம் வசதியைச் சிறிது விட்டுக்கொடுத்து, நொந்த காலுக்கு ஆறுதல் அளிக்கின்றன. நொண்டுதலைக் குறை என்கின்றோம். ஆனால் அது உடம்பின் அன்பு. உணர்ச்சியற்ற காலுடையார் நொண்டுவதில்லை. கம்பீரமாக, ஒரே சீராக, அதே புண்ணின்மேல் ஆயிரம் முறை மிதித்து நடக்கின்றார். பார்ப்போருக்கு அது நல்ல நடையாகத் தோன்றும். முடிவு என்னவோ கால் போவதுதான்.

சபைகளிலும் இவ்விருவகை நடை உண்டு. திருவிழாவும் ஆண்டுக் கூட்டமும் குறைவின்றி நடக்கின்றன, பாடகர் குழு இனிமையாகப் பாடுகின்றது, மணிக்கூண்டு உயர்கின்றது. கடைசி வாங்கில் இருந்த விதவைத் தாயார் மூன்று வாரமாக வரவில்லை என்பதோ, மகளின் பரீட்சைக் கட்டணத்துக்கு வழியின்றி ஒரு தகப்பனார் கலங்குகின்றார் என்பதோ ஒருவருக்கும் தெரியாது. அச்சபையின் நடை அழகாயிருக்கின்றது. அதன் கால் புண்ணாயிருக்கின்றது. மணிக்கூண்டு ஓராண்டு பிந்தி எழுந்தாலும் அக்குடும்பத்தின் அடுப்பு எரியட்டும் என்று ஒரு சபை தீர்மானிக்குமாயின், அது நொண்டி நடக்கும் சபை. யாம் அதனையே நலமுள்ள சபை என்போம்.

இதனைக் கிறிஸ்தவ அன்பர்க்கு மட்டும் கூறினோமல்லோம். எம்மவர் கோயில்களின் கதையை நாடறியும். சாதியின் பெயரால் மனிதரைத் தடுத்தலைக் குற்றமாக்கி 1957இல் இந்நாட்டிற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பிறந்தது. அதன் பின்னரும் 1968இல் மாவிட்டபுரத்திலே, முருகனைத் தரிசிக்க உள்ளே விடுங்கள் என்று மக்கள் வாயிலில் நின்று போராட வேண்டியிருந்தது. தமிழர் தேவாலயங்களும் இக்குற்றத்தினின்று நீங்கியிருந்தன அல்ல. 1833இலேயே கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேற்றுமை ஒழிதல் வேண்டும் என்று கட்டளையிட்டார். தென்னாட்டுச் சபைகளிற் பலர் அதற்கு இணங்க மறுத்து விலகினர். வாயிலில் நின்றவரின் நோவு உள்ளே நின்றவருக்கு எட்டவில்லை. நரம்பு அறுந்திருந்தது. சட்டம் கதவைத் திறக்கும், நரம்பை இணைக்குமோ?

பிராண்டின் வரலாற்றில் இதற்குப் பொருந்திய ஒரு படிப்பினை உண்டு. 1966இல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் வைத்தியசாலைக்குச் சென்றார். அங்கே அவரும் துணைவரும் செயற்கை நோவு ஒன்றை உண்டாக்க முயன்றனர். நோயாளரின் கையுறையிலே நுண்கருவிகளைப் பொருத்தி, அழுத்தம் மிகும்போது ஒலி எழச் செய்தனர். நோயாளர் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் மின்னதிர்ச்சி உண்டாகச் செய்தனர். வேலையில் முனைந்த நோயாளர் கருவியை நிறுத்திவிட்டு, வேலையை முடித்தபின் மீண்டும் இயக்கினர். முயற்சி கைவிடப்பட்டது. நாம் நினைத்தபோது நிறுத்தக்கூடிய நோவு நம்மைக் காப்பதில்லை என்பது அதிற் கிடைத்த பாடம்.

சபைகளும் இத்தகைய கருவிகளை வைத்திருக்கின்றன. ஆண்டறிக்கையில் ஏழைகளுக்கென ஒரு பந்தி. வாயிலில் ஒரு தருமப் பெட்டி. கூட்டத்தில் ஓர் அநுதாபத் தீர்மானம். இவை வேண்டாதவை அல்ல. ஆயினும் அறிக்கையை மூடியவுடன் ஒலி நின்றுவிடுகின்றது. அயலவன் துன்பம் நம் உறக்கத்தைக் கெடுக்காதவரை அது நமக்குச் செய்தியே, நோவாகாது.

அங்ஙனமாயின், மரத்துப்போன உறுப்புக்கு மருந்து இல்லையா? உண்டு. இழந்த உணர்ச்சி பெரும்பாலும் மீள்வதில்லை. ஆனால் அவ்வுறுப்பு இழக்கப்படவேண்டியதில்லை. நோயாளருக்கு இன்றும் கற்பிக்கப்படுவது மிக எளிய ஒழுக்கம்: நோவு சொல்லாததனைக் கண் சொல்லட்டும். நாள்தோறும் மாலையிற் கால்களைக் கழுவி, உள்ளங்காலைத் திருப்பி, விரலிடுக்குகளைப் பார்த்து, சிவப்போ கீறலோ கண்டால் அன்றே பரிகரித்தல். நீரிழிவினாற் கால் நரம்பு கெட்டவருக்கும் இதே அறிவுரைதான். நம் வீடுகளில் நீரிழிவுள்ள பெரியவர் பலர். குனிய இயலாத பாட்டனாரின் பாதத்தைப் பேரப்பிள்ளை ஒருவர் தினமும் பார்த்துச் சொல்வாராயின், ஒரு காலைக் காத்த புண்ணியம் அப்பிள்ளையைச் சேரும்.

சபைக்கும் அதுவே வழி. அன்பு தானே ஊறிவரும்வரை காத்திருத்தல் வேண்டா. கண்ணாற் பார்க்கும் ஒழுக்கத்தைத் தொடங்குவோம். ஞாயிறு ஆராதனை முடிந்தபின் போதகரும் மூப்பரும் யார் வந்தார் என்று மகிழ்வதோடு நில்லாது, யார் வரவில்லை என்று எண்ணிப் பார்க்கட்டும். அவ்வாரத்துக்குள் அவ்வீட்டுக்கு ஒருவர் செல்லட்டும். கோயிலில் அன்னதானம் முடிந்தபின் அறங்காவலர் கடைசிப் பந்தியில் யார் இருந்தார், யார் பந்திக்கு வராமல் மதிலோரம் நின்றார் என்று பார்க்கட்டும். மாணவர் தம் வகுப்பிலே மதிய உணவு வேளையில் தனியே விலகிப் போகும் தோழனைப் பார்க்கட்டும். பாதம் உடம்பின் தாழ்ந்த இடத்தில் இருப்பதனால், அதனைப் பார்த்தற்குக் குனியவேண்டும். தம் சீடரின் பாதங்களைக் கழுவக் குனிந்த ஆண்டவரை வணங்குவோருக்கும், பிட்டுக்கு மண் சுமந்த பெருமானை வணங்குவோருக்கும் அக்குனிவு இழிவாகாது.

மாந்தீவைச் சூழ்ந்த நீரைக் கடக்கத் தோணி இருந்தது. ஒரே தெருவில், ஒரே சபையில், ஒரு வீட்டுக்கும் மறு வீட்டுக்கும் இடையே நிற்கும் நீரைக் கடக்கத் தோணி தேவையில்லை, கால்கள் போதும். ஆண்டவன் அக்கால்களை நோவறியும் கால்களாக நமக்கு அருள்வானாக.