மரத்தைக்குள் இருக்கும் ‘த்து’

மங்கலம்பேட்டையில் பஸ் ஏறுகிறவர், “விருத்தாசலத்துக்கு ஒண்ணு” என்று டிக்கெட் கேட்கிறார். எதிர்ப்பக்கம் போகிறவருக்கு உளுந்தூர்பேட்டை, உளுந்தூர்பேட்டைக்கு, அவ்வளவுதான். விருத்தாசலத்தில் மட்டும் ‘ம்’ இறங்கிவிட, ‘த்து’ ஏறிக்கொள்கிறது. முதுகுன்றம் என்று ஊரின் பழைய பெயரைச் சொன்னாலும் இதே கதைதான்.

பேசப் பழகும் குழந்தை ‘மரமைப் பாரு’ என்றால் வீடே சிரிக்கும். ‘மரத்தை’ என்று திருத்துவார்கள். ஏன் என்று அது திருப்பிக் கேட்டால்? தொல்காப்பியம் இதை அத்துச் சாரியை என்கிறது. பெயர் கிடைத்துவிட்டது. அது எப்போது வந்தது என்பதை அக்கம்பக்கத்து மொழிகளிடம்தான் விசாரிக்க வேண்டும்.

மலையாளத்தில் மரம், மரத்தில். கன்னடத்தில் மர, ‘மரத்தில்’ என்பதற்கு மரதல்லி. நம் ‘த்து’ அங்கே மெலிந்து நிற்கிறது. ஆனால் ‘மரத்தை’ என்பதற்கு மரவன்னு! அங்கே ‘த’வே இல்லை. நம் வீட்டுக் குழந்தை அப்படியொன்றும் பெரிய தப்பு செய்துவிடவில்லை.

தெலுங்கில் மானு. எங்கோ ஜார்க்கண்டில் பேசும் குடுக் மொழியில் மன். இரண்டிலும் ‘ன’கரம். பழந்தமிழிலும் ‘மரன்’ உண்டே! பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி இந்த உறவுகளை ஒரே இடத்தில் உட்கார வைத்தது. இவற்றை ஒப்பிட்டு, எழுத்தே இல்லாத காலத்துத் தாய்ச்சொல்லை அறிஞர்கள் ஊகிக்கிறார்கள். எங்கும் எழுதிக் கிடைக்காத சொல் என்பதற்கு அடையாளமாக அதன் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. சொல் மட்டுமல்ல, வேற்றுமை உருபுக்கு முன் வரும் ‘த்து’வும் அந்தத் தாய்மொழிக் காலத்துச் சொத்து என்றே பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி கருதினார்.

ஸ்லாவிய மொழிகளிலும் இதே மாதிரி வேடிக்கை உண்டு. ரஷ்ய மொழியில் பெயருக்கு ‘இம்யா’. ‘பெயரின்’ என்றால் ‘இமெனி’. தனியே நிற்கும்போது ஒளிந்துகொள்ளும் ‘ன’கரம், உருபு சேர்ந்ததும் எட்டிப் பார்க்கிறது. அங்கும் அது ஆதி ஸ்லாவியத்திலிருந்தே வரும் பழக்கம்.

நம் ‘த்து’வுக்கு வயதாகியும் வேலை குறையவில்லை. ஆங்கிலத்திலிருந்து வந்த ஃபாரத்தையும் அது விடவில்லை: “ஃபாரத்தை நிரப்பிக் கொடுங்க.” ரூம் மட்டும் தப்பித்தது, ரூமுக்கு. அதில் ‘அம்’ இல்லையே!