பாக்கெட்டில் இருப்பதைத் தமிழிலும் போடுங்கள்!

"சாஸ், சூப் பாக்கெட்டிலெல்லாம் மாடிஃபைடு ஸ்டார்ச்னு ஏதோ கெமிக்கல் கலக்கறாளாம். குழந்தைக்குக் குடுத்துடாதேம்மா!" என்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டு மாமி சொன்னதும் எனக்குப் பகீரென்றது. என் பையன் சாஸ் இல்லாமல் தோசையைத் தொடமாட்டான். நாலு பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சகோதரிகளுக்கும் சொல்கிறேன்.

ஸ்டார்ச் என்றால் வேறொன்றுமில்லை, மாவுச்சத்துதான். குழம்பு நீர்த்துப் போனால் அரிசி மாவைக் கரைத்து விடுகிறோமே, அதே வேலைதான் இதுவும் செய்கிறது. மக்காச்சோளம், சேலம் பக்கம் ஜவ்வரிசி செய்கிற மரவள்ளிக் கிழங்கு போன்றவற்றிலிருந்து எடுக்கிறார்கள். ஆனால், சாதா மாவு ரொம்ப நாள் தாங்காது. கார்ன் ஃப்ளார் போட்ட சூப்பை ஒருநாள் ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கிறது! சாஸில் ஊற்றும் வினிகரின் புளிப்புக்கும் அது இளகிவிடும். அப்படி ஆகாமல் இருக்க ஆலையில் அந்த மாவைப் பக்குவம் செய்கிறார்கள். 'மாடிஃபைடு' என்பது இதைத்தான். மரபணு மாற்றம் என்று சிலர் நினைப்பது தவறு.

2017-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதில் 12 வகைகளை மறுபடி ஆராய்ந்து, உணவில் சேர்க்கும் அளவில் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது. நம் நாட்டிலும் இதற்கு அனுமதி உண்டு. ஆகவே விஷம் என்று மிரள வேண்டாம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? கெட்டியாக இருந்தால் நல்ல சரக்கு என்று நினைக்கிறோம். தண்ணீரைக்கூட மாவு கெட்டியாக்கிவிடுமே! தக்காளியோ பாலோ எவ்வளவு என்பதல்லவா முக்கியம்? என் மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. ராத்திரி சாதத்தைக் குறைத்துவிட்டு, 'லைட்டாக இருக்கட்டும்' என்று பாக்கெட் சூப் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதிலும் மாவுதான் என்பது அப்புறம்தான் உறைத்தது. சர்க்கரை உள்ளவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பாக்கெட்டின் பின்னால் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது சட்டம். ஐ.என்.எஸ். 1422, 1442 என்று எண் மட்டும் இருந்தாலும் அது இந்த மாவுதான்.

என் ஆதங்கம் இதுதான். இந்த விவரங்களை இங்கிலீஷிலோ ஹிந்தியிலோ போட்டாலே சட்டப்படி போதுமாம். தமிழில் போடுவது கம்பெனியின் இஷ்டமாம்! அதுவும் பொடி எழுத்தில். தமிழ் மட்டும் படித்த என் மாமியார் போன்றவர்கள் என்ன செய்வார்கள்? விளம்பரத்தை மட்டும் அழகான தமிழில் செய்யத் தெரிகிறதே! விற்பதற்குத் தமிழ் வேண்டும், விவரம் சொல்லத் தமிழ் வேண்டாமா? தமிழ்நாட்டில் விற்கும் பாக்கெட்டில் சேர்மானத்தைத் தமிழிலும், கண்ணுக்குத் தெரிகிற எழுத்திலும் அச்சிட அரசு கட்டாயப்படுத்த வேண்டும். படித்துப் பார்த்து வாங்குவதோ விடுவதோ நம் பாடு. என்ன சொல்கிறீர்கள் சகோதரிகளே?

— ஒரு வாசகி, ஸ்ரீரங்கம், திருச்சி-6.