ஈரமரமும் ஈமானும்

நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்ததை ஸஹீஹ் முஸ்லிம் பதிவுசெய்கிறது. அத்தகைய கண்ணியமான தொழிலை நடத்தும் நம் மரவாடிச் சகோதரர்கள் சிலரிடம் ஒரு குறை காண்கிறோம். ஈரம் காயாத மரத்தில் கதவு செய்து கொடுத்துவிடுகின்றனர். சில மாதங்களில் அது சுருங்கி முறுக்கிக்கொள்கிறது. வெள்ளைப் பகுதிக்குச் சாயம் பூசி, வைரம் பாய்ந்த மரமென விற்பதும் உண்டு.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மறைந்திருந்த ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மழையில் நனைந்ததென்ற விளக்கத்தை ஏற்கவில்லை. மக்கள் காணும்படி அதை மேலே வைக்கச் சொன்னார்கள். மரத்தின் ஈரத்துக்கும் அதே சட்டம்தான்.

குடிபுகும் நாளைச் சொல்லி அவசரப்படுத்தும் நாமும் பொறுப்பாளிகளே. தச்சர் கேட்கும் காலத்தைக் கொடுப்போம். மரவாடிக்காரரும் உள்ளதைச் சொல்லட்டும். ஒரு வேலை கைநழுவலாம். பரக்கத் நழுவாது, இன்ஷா அல்லாஹ்.