வண்டியில் ஓர் இராத்திரி

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் அறை கிடைக்கவில்லை. வாடகை வேனிலேயே தங்கினோம். "குழந்தைக்குப் புழுங்குதே, கண்ணாடியை ஏத்திட்டு ஏ.ஸி. போடட்டுமா?" என்றார் என்னவர். "வேண்டவே வேண்டாங்க!" என்றேன்.

2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில், நிறுத்தியிருந்த கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்ஸைடுதான் எமன். அதற்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. எஞ்சின் புகையிலும் அதே விஷம் உண்டு.

ஆகவே சகோதரிகளே, வண்டியில் தங்குவதானால் காற்றோட்டமான மேட்டு நிலமாகப் பாருங்கள். வெளிச்சமும் கழிப்பறையும் பக்கத்தில் இருக்கட்டும். எஞ்சினை அணைத்துவிடுங்கள், உள்ளே அடுப்புப் பற்றவைக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து கொசுவலை கட்டுங்கள்.

நாங்கள் அப்படித்தான் தூங்கினோம். விடிந்ததும் 365 படியும் ஏறினோம், குழந்தை மட்டும் அப்பா தோளில்!