அணைக்கு முன் அபாய மணி

அருணாசலப் பிரதேசத்தின் ஷி யோமி மாவட்டத்தில் அமையவுள்ள 700 மெகாவாட் தாத்தோ-2 நீர்மின் திட்டத்துக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பீடு ரூ.8,146 கோடி, கெடு 72 மாதங்கள். மாநில அரசின் பங்கு மூலதனத்துக்கு ரூ.436 கோடியை மத்திய அரசே தருகிறது. மலை மாநிலம் தன் ஆற்று மின்சாரத்தில் பங்குதாரராவது வரவேற்கத்தக்கது.

கெடுதான் கவலை தருகிறது. அருணாசல்-அசாம் எல்லையில் 2005-இல் தொடங்கிய கீழ் சுபன்சிரி அணைப் பணி, அசாம் மக்களின் எதிர்ப்பால் 2011 முதல் 2019 வரை முடங்கிக் கிடந்தது.

கெடுவைவிடப் பெரிய கவலை பாதுகாப்பு. சிக்கிமை மறக்க முடியுமா? 2023 அக்டோபரில் லோனாக் பனி ஏரி உடைந்தது. நள்ளிரவில் பாய்ந்த வெள்ளம் சுங்தாங்கில் 60 மீட்டர் உயர அணையையே அடித்துச் சென்றது.

உற்பத்தியில் 1 சதவீதம் உள்ளூர் மேம்பாட்டு நிதிக்கு என்கிறது அரசு. அந்தக் கணக்கு ஊர் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். வெள்ள எச்சரிக்கைக் கருவிகள் இயங்கத் தொடங்கிய பிறகே அணையில் நீர் தேக்க வேண்டும்.