ஜிரூ மீது சுமத்தப்பட்ட பழி

பிரான்ஸ் கால்பந்து அணியின் ரசிகர்களிடையே பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு குற்றச்சாட்டு உலவுகிறது. ஒலிவியே ஜிரூ தகுதிக்கு மீறிக் கொண்டாடப்பட்டவர் என்கிறார்கள். 2016 ஐரோப்பியக் கோப்பைக்கு முன் நாந்த் நகரில் கேமரூனுடன் நடந்த நட்பு ஆட்டத்தில் அவர் கோல் அடித்தும், சொந்த நாட்டு ரசிகர்களே அவரை எதிர்த்துக் கூச்சலிட்டார்கள். ஃபார்முலா 1 காரையும் கார்ட் வண்டியையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்று 2020இல் சக பிரெஞ்சு முன்கள வீரர் கரீம் பென்சிமா அவரைத் தன்னோடு ஒப்பிட்டுச் சொன்னதும், பலர் அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். இந்தத் தரப்பு அடுக்கும் காரணங்கள் நான்கு: 2018 உலகக் கோப்பையில் அவர் கோல் அடிக்கவில்லை, அவருடைய கோல் எண்ணிக்கை நட்பு ஆட்டங்களால் ஊதிப் பெருத்தது, பென்சிமா இல்லாததால்தான் இடம் கிடைத்தது, 2022 இறுதி ஆட்டத்தில் அவரை வெளியே எடுத்த பிறகுதான் அணி எழுந்தது. நான்கையும் ஆட்டங்களோடு வைத்துப் பார்த்தால் எதுவும் முழுதாக நிற்பதில்லை.

முதல் காரணம்தான் அதிகம் பேசப்படுவது. 2018இல் ரஷ்யாவில் ஜிரூ 7 ஆட்டங்களிலும் களமிறங்கினார். கோல் இல்லை, இலக்கை நோக்கிய ஷாட் கணக்கிலும் பூஜ்ஜியம். இது உண்மை. ஆனால் பிரான்ஸ் அந்தக் கோப்பைக்குப் போன வழியைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் பயிற்சியாளர் திதியே தெஷான் அவரை உட்காரவைத்துவிட்டு எம்பாப்பே, கிரீஸ்மன், டெம்பெலே என்று வேகமான மூவரை முன்னால் நிறுத்தினார். ஆட்டம் திணறியது. 70ஆவது நிமிடத்தில் ஜிரூ வந்தார். 81ஆவது நிமிடத்தில் போக்பா அவரிடம் பந்தைக் கொடுத்துத் திரும்ப வாங்கி முன்னேறி உதைத்ததில் வெற்றி கோல் விழுந்தது. பெருவுக்கு எதிரான ஒரே கோல், ஜிரூ உதைத்த பந்து தடுப்பாட்டக்காரர் மீது பட்டு எழும்பியபோது எம்பாப்பே ஓடிவந்து தட்டிவிட்டது. அர்ஜென்டினாவுக்கு எதிராக எம்பாப்பே அடித்த இரண்டாவது கோலுக்குப் பந்தைத் தள்ளிக் கொடுத்தவரும் ஜிரூதான். அந்த மூன்று ஆட்டங்களின் முடிவு 2–1, 1–0, 4–3. மூன்றிலும் ஒரே கோல் வித்தியாசம். மூன்றிலும் ஒரு கோல் அவர் வழியாக வந்திருக்கிறது. கோல் அடித்தவர் பெயரை மட்டும் குறித்துவைக்கும் கணக்கில் இது எதுவும் ஏறாது.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. ஜிரூ கோல் அடிக்காவிட்டாலும் கிரீஸ்மன் 4, எம்பாப்பே 4 என்று அடித்தார்களே, அதற்கு அவரே காரணம் என்று ஆதரவாளர்கள் சொல்லும்போது, கிரீஸ்மன் அடித்த நான்கில் மூன்று பெனால்டி என்பதை மறந்துவிடுகிறார்கள். சரிதான், அந்த மூன்றையும் ஜிரூவின் கணக்கில் எழுத முடியாது; நான் எழுதவும் இல்லை. டென்மார்க்குடன் அவர் முதலிலிருந்தே ஆடியும் ஆட்டம் கோலின்றி முடிந்தது. வேறொருவர் கோலாக்கியிருக்கக்கூடிய வாய்ப்புகளை அந்தத் தொடரில் அவர் வீணாக்கினார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் எம்பாப்பேயின் நான்கு கோல்களில் இரண்டு அவர் காலிலிருந்து கிளம்பியவை. இலக்குக்கு முதுகு காட்டி நின்று, உயரத்தில் வரும் பந்தைத் தலையாலும் மார்பாலும் இறக்கி, பின்னால் ஓடிவருபவரிடம் ஒரே தொடுதலில் விடுவதுதான் அவருடைய வேலை. அவரை நெருக்கிப் பிடிக்க நடுத் தடுப்பாட்டக்காரர்கள் இழுக்கப்படும்போதுதான் கிரீஸ்மனுக்கு இடைவெளியும் எம்பாப்பேக்கு ஓடுபாதையும் கிடைத்தன. 1998இல் பிரான்ஸ் கோப்பையை வென்றபோதும் முன்னணியில் ஆடிய ஸ்டெஃபான் கிவார்ஷ் ஒரு கோலும் அடிக்கவில்லை. முன்கள வீரர் கோல் அடிக்காமலேயே பிரான்ஸ் இருமுறை உலகை வென்றிருக்கிறது.

இரண்டாவது காரணத்தில் பாதி உண்மை இருக்கிறது. 2020 அக்டோபரில் முன்னாள் பிரான்ஸ் வீரர் பிளாட்டினியின் 41 கோல்களை ஜிரூ தாண்டியது, உக்ரைனை 7–1 என்று வென்ற ஒரு நட்பு ஆட்டத்தில்தான். ஆனால் 2016 ஐரோப்பியக் கோப்பையில் அவர் அடித்த 3 கோல்களும் 2022 உலகக் கோப்பையில் அடித்த 4 கோல்களும் நட்பு ஆட்டத்தில் வந்தவை அல்ல. கத்தாரில் காலிறுதி 1–1 என்று நின்றபோது, 78ஆவது நிமிடத்தில் கிரீஸ்மன் அனுப்பிய பந்தைத் தலையால் முட்டி இங்கிலாந்தை வெளியேற்றியவர் 36 வயது ஜிரூ. பெரிய ஆட்டத்தில் காணாமல் போகிறவர் என்று இதற்குப் பிறகும் எப்படிச் சொல்வது? கிளப்புகளிலும் இதே கதைதான். 2012இல் மோன்பெலியே தன் வரலாற்றில் முதன்முறையாக பிரெஞ்சு லீக்கை வென்றபோது அவர் 21 கோல் அடித்தார். 2022இல் மிலான் 11 ஆண்டுகளுக்குப் பிறகு இத்தாலியப் பட்டம் பெற்ற பருவத்தில், இன்டருக்கு எதிரான ஆட்டத்தை இரண்டு கோல்களால் திருப்பியதும், கடைசி நாளில் சாசுவோலோ களத்தில் இரண்டு கோல் அடித்ததும் அவரே.

மூன்றாவது காரணமான பென்சிமா விஷயத்தில் நேராகவே பேசலாம். தனிவீரராக அவர் ஜிரூவைவிட மேலானவர். 2022இன் பாலோன் தோர் விருது அதற்கு அத்தாட்சி. கேள்வி அதுவல்ல. 2015இல் களத்துக்கு வெளியே எழுந்த ஒரு விவகாரத்தால் அணியை விட்டு விலக்கப்பட்ட பென்சிமா, 2021இல் நடந்த ஐரோப்பியக் கோப்பைக்குத் திரும்பி 4 கோல் அடித்தார். எம்பாப்பேக்கு ஒரு கோலும் கிடைக்கவில்லை. அணி 16 அணிகள் சுற்றிலேயே சுவிட்சர்லாந்திடம் பெனால்டியில் தோற்றது. அந்தத் தோல்வி பென்சிமாவின் குற்றம் என்று சொன்னால் அதுவும் அநியாயம். 3–1 என்ற முன்னிலையைக் காக்கத் தவறியது ஒட்டுமொத்த அணியும்தான். முன்கள வீரரின் கோல் எண்ணிக்கை உயர்ந்தால் அணியும் தானாக உயரும் என்ற நம்பிக்கைக்குத்தான் இந்தத் தொடர் இடம் தரவில்லை.

கடைசிக் காரணம் பலவீனமானது. 2022 இறுதி ஆட்டத்தில் 0–2 என்ற நிலையில், 41ஆவது நிமிடத்தில் ஜிரூவோடு டெம்பெலேயும் வெளியே அழைக்கப்பட்டார். அந்த இருவரும் போனதும் அணி எழுந்துவிடவில்லை. பிரான்ஸின் முதல் கோல் 80ஆவது நிமிடத்தில், பெனால்டியில் வந்தது. அன்று ஜிரூ மோசமாக ஆடினார். அன்றைய முதல் பாதியில் பிரான்ஸில் நன்றாக ஆடியவர் என்று ஒருவரைக்கூடக் காட்ட முடியாது.

2024இல் தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றபோது ஜிரூவின் கணக்கு 137 ஆட்டங்கள், 57 கோல்கள்; தியரி ஹென்றியின் 51ஐ அவர் எப்போதோ தாண்டிவிட்டிருந்தார். ஹென்றியைவிடச் சிறந்தவர் என்று யாரும் வாதாட வேண்டாம். அவரை மிகையாகப் புகழ்ந்தார்கள் என்று இன்னும் எண்ணுபவர்களிடம் கேட்பது ஒன்றே: 2018இன் ஆஸ்திரேலியா, பெரு, அர்ஜென்டினா ஆட்டங்களின் அந்த மூன்று கோல்களையும் மறுபடி போட்டுப் பாருங்கள். பந்து வலைக்குள் விழுவதற்கு முன் அது யாரிடம் போய்த் திரும்புகிறது என்று பாருங்கள். அதன் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.