சமபலமுள்ளோர் துவந்த யுத்தம்

கதாபாத்திர ஆட்டங்களை நடத்தும் கேம் மாஸ்டர்கள் யாவருக்கும் பழக்கமான சங்கடம் ஒன்றுண்டு. ஒரே அளவு தேர்ச்சியுடைய இரு வீரர் வாளுருவி எதிரெதிரே நிற்கும் தருணம் கதையின் சிகரமாக அமைய வேண்டியதாயிருக்க, மேசையிலோ பகடை உருள்வதும் அடி தடைபடுவதும் மறுபடி பகடை உருள்வதுமாகவே நேரம் கழிந்து, சுற்றியிருப்பவர்கள் கொட்டாவி விடத் தொடங்குகிறார்கள். பகடையின் மேல் பழி சுமத்துவது வழக்கம். கணக்கிட்டுப் பார்த்தால் அது நிரபராதி என்பது விளங்கும்.

1978-இல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட ரூன்குவெஸ்ட் ஆட்டத்தை இயற்றியோருள் முதன்மையான ஸ்டீவ் பெரின், மத்தியகாலப் போர்முறைகளைக் கவசமணிந்து பயிலும் சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம் என்ற சங்கத்தில் பழகியவராதலால், தாக்குதலுக்கு ஒரு சதவீதமும் தடுப்புக்கு ஒரு சதவீதமுமாகத் தனித்தனியே விதித்தார். அனுபவத்தில் விளைந்த அவ்விதியின் விசித்திரத்தைப் பாருங்கள்: இரண்டிலும் 30 சதவீதமே பெற்ற கற்றுக்குட்டிகள் இருவர் மோதினால், அபூர்வமான விசேஷ வெற்றிகளை ஒதுக்கிவிட்டு நோக்குங்கால், ஒரு சுற்றில் எவரேனும் ஒருவர் அடிபடும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 38; இரண்டிலும் 90 பெற்ற மகாவீரர் இருவர் மோதினாலோ அது 17 ஆகச் சுருங்கிவிடுகிறது. வித்தை முதிர முதிர யுத்தம் மந்தமாகிறது. பட்ட அடியும் கவசத்தைக் கடந்தாக வேண்டும் என்பது வேறு!

அதே நிறுவனத்தின் ஸ்தாபகரான கிரெக் ஸ்டாஃபோர்ட் 1985-இல் அளித்த பென்டிராகன் ஆட்டத்தில் இந்த முடிச்சு ஒரே வெட்டில் அறுபட்டது. இருவரும் இருபது முகப் பகடையை ஒருங்கே உருட்ட, தம் தேர்ச்சி எண்ணைக் கடவாதவர்களுள் மிகுதியான எண்ணைப் பெற்றவர் அச்சுற்றில் வெல்வார். தேர்ச்சி 15 உடைய இருவர் மோதும்போது நூற்றுக்கு 90 சுற்றுகளில் ஒருவர் அடிபடுகிறார். இதனினும் நான் பெரிதாக மதிப்பது அவ்வாட்டத்தில் வீரன் தன் காதலையோ பகையையோ துணைக்கழைத்துத் தேர்ச்சியை உயர்த்திக்கொள்ளலாம் என்பதும், அழைத்த உணர்ச்சி பொய்த்தால் மனந்தளர்ந்து தாழ்வான் என்பதுமான விதியையே. ஏனெனில் அங்கே சமநிலை குலைவது வீரன் மனமறிந்து ஏற்ற அபாயத்தினால்.

விஷயத்தின் மர்மம் இதுவென்றே கருதுகிறேன். சமபலமுள்ள இருவருள் எவரும் தம்மைத் திறந்து காட்டாதவரையில் சண்டை முடியாது, முடியவும் கூடாது. பீமனும் ஜராசந்தனும் நாட்கணக்கில் மல்லுக்கு நின்ற கதையில்கூட, புஜபலத்தால் வராத முடிவு, வெளியே நின்ற கண்ணன் துரும்பைக் கிழித்துக் காட்டிய பின்னரே வந்தது. ஆகவே விதியமைப்போர் செய்யத்தக்கது, பாதுகாப்பாக நிற்பதற்கு ஒரு விலை வைப்பதும், துணிவுக்கு ஒரு பயன் வைப்பதுமே. கர்ப்ஸ் ஆட்டத்தின் 2004-ஆம் ஆண்டு நான்காம் பதிப்பில், தாக்குபவன் தன் தேர்ச்சியில் இரண்டைக் குறைத்துக்கொண்டால் எதிரியின் தற்காப்பில் ஒன்று குறையும் என்ற ஏற்பாடு இவ்வகையினது. 2013-இல் வெளிவந்த தர்ட்டீன்த் ஏஜ் ஆட்டத்தில் இரண்டாம் சுற்று முதல் ஏறிச்செல்லும் பகடையொன்று கதாநாயகர்களின் தாக்குதலுக்குச் சுற்றுதோறும் வலுவூட்டுவதும் சண்டையை நீளவிடாது. எனினும் அது எவருடைய துணிவையும் கேளாமல் தானே ஓடுவதாகையால், எனக்கு அவ்வளவாக ருசிப்பதில்லை.

வீரனின் உயிராற்றலை அளக்கும் ஹிட் பாயிண்டுகளைச் சிறிது சிறிதாகக் கரைக்கும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வகை ஆட்டங்களில் முட்டுக்கட்டை இல்லை, சலிப்பு மட்டுமே உண்டு. அதற்கும் மருந்து, மேற்சொன்ன விலையும் பயனுமே.

கைவசமுள்ள விதிகளை மாற்ற விரும்பாதவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. தடுத்தவனிடம், "நின்ற இடத்தை விட்டுக்கொடுத்துப் பின்வாங்குகிறாயா, அல்லது நின்றே ஏற்றுக் கேடயத்தைச் சிதையவிடுகிறாயா?" என்று கேட்டுவிட்டால், பயனற்றுப் போயிருக்கக்கூடிய சுற்று ஏதேனும் ஒன்றை மாற்றிவிட்டே செல்லும், பின்னால் படிக்கட்டோ கிணற்றடியோ இருந்தால் இன்னும் நலம். இருவரும் எதற்காகச் சண்டையிடுகிறார்கள் என்பதை முன்னரே தெளிந்துகொள்வதும் அவசியம். பாலத்தைக் கடக்க வந்தவனுக்கு எதிரியின் உயிர் தேவையில்லை, வழி கிடைத்தால் போதும்.

ஆட்டக்காரர்கள் முதலில் துணிய மாட்டார்கள். நஷ்டம் அவர்களுடைய பாத்திரத்துக்கல்லவா? ஆதலால் கேம் மாஸ்டர் ஆட்டுவிக்கும் எதிரியே முதல் அபாயத்தை ஏற்கட்டும். இரண்டாம் சுற்றிலேயே அவன் கேடயத்தை வீசியெறிந்துவிட்டு இருகைகளாலும் வாளைப் பிடிப்பானாகில், எதிரே அமர்ந்திருப்பவர் தம் பகடையைக் கையிலேயே நிறுத்தி ஆலோசிக்கத் தொடங்குவார்.